பறவைக் கோலா: சிறகை விட்டு முட்டையைப் பாருங்கள்

பறவைக் கோலாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோர் கவனமும் அதன் சிறகுக்குத்தான் போகும். அறிவியல் உலகமும் இதற்கு விலக்கல்ல. அந்த மீன் சிறகை அடித்துப் பறக்கிறதா, விரித்து வைத்துச் சறுக்குகிறதா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. அடித்துப் பறக்கும் அளவுக்கு அதன் மார்புத் தசைக்கு வலுவில்லை என்று 1878-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் மோபியஸ் எழுதினார். ஹரால்ட் எட்ஜர்ட்டனும் சார்லஸ் பிரெடரும் 1941-இல் வெளியிட்ட அதிவேகப் புகைப்படங்கள் அந்தப் பக்கத்துக்கே வலுச் சேர்த்தன. துடிப்பது வால்தான். வாலின் நீண்ட கீழ்மடல் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் நீரை உதைத்து மீனை மேலே தள்ளுகிறது. விரிந்த மார்புத் துடுப்புகள் அதைத் தாங்கிக் கொண்டுபோகின்றன. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் கோலா எந்த இனம், அது ஏன் அந்த மாதத்தில் அந்தக் கடலுக்கு வந்தது என்ற கேள்விகளுக்குச் சிறகு பதில் சொல்வதில்லை. முட்டை சொல்கிறது. நம் கிழக்குக் கரையின் கோலாவுடைய வரலாறே இதற்குச் சான்று என்பது என் வாதம்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். சோழமண்டலக் கரையின் கோலா மீன்பிடிப்பையும் அந்த மீன் முட்டையிடும் விதத்தையும் சேர்த்து 1923-இல் துறை வெளியீட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அறிவியல் பதிவேட்டில் இந்தக் கரையின் பெயரைத் தாங்கி நிற்கும் கோரமண்டலென்சிஸ் என்ற இனம் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது. பெயரும் முட்டையும் ஒரே கட்டுரையில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கோலா மரம் என்ற பெரிய கட்டுமரத்தில் கரை மறையும் தூரம் போய், இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிடக் கூட்டமாக வந்து மோதும் மீனை வலையால் அள்ளும் தொழில் அது. ஹார்னெல் பார்க்கப் போனது தொழிலை. அவருக்குக் கிடைத்தது ஒரு மீனின் வாழ்க்கை.

தழைக்கு ஏன் இந்த ஈர்ப்பு? இந்தக் கோலாவின் முட்டை நீரைவிடக் கனமானது. சும்மா விட்டால் வங்கக் கடலின் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் முட்டையின் மேலுறையிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு, மிதக்கும் எதையாவது பற்றிச் சுற்றிக்கொள்கின்றன. பறவைக் கோலாவின் நெருங்கிய உறவான முரல் மீன்களின் முட்டைகளிலும் இப்படி இழைகள் உண்டு. முரலுக்கோ சிறகு கிடையாது. ஆக, இந்த வம்சத்தில் இழை முந்தியது, சிறகு பிந்தியது. இரட்டைச் சிறகு கொண்ட எக்சோசீட்டஸ் பேரினத்தைப் பாருங்கள். அதன் முட்டையில் இழையே இல்லை, தானாக மிதக்கிறது. எனவே அதற்குத் தழையும் வேண்டாம், கரையோரமும் வேண்டாம். நடுக்கடலிலேயே பிறந்து அங்கேயே முடிகிறது. முட்டை மாறியதும் மீனின் முகவரியே மாறிவிடுகிறது.

சந்தையில் கிடக்கும் மீனில் முட்டை இழையை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே துடுப்புகளைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் மார்புச் சிறகின் நீளத்தை அளந்து பயனில்லை. முதலில் இடுப்புத் துடுப்பைப் பாருங்கள். அது குட்டையாக இருந்தால் எக்சோசீட்டஸ். நீண்டு பின்னால் போனால் நாற்சிறகுக் கூட்டம். அடுத்து முதுகுத் துடுப்பும் வயிற்றடியில் உள்ள மலவாய்த் துடுப்பும். இரண்டும் ஏறத்தாழ நேருக்கு நேர் தொடங்கி, கதிர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் ஹிருண்டிக்திஸ். மலவாய்த் துடுப்பு நன்கு பின்தள்ளித் தொடங்கி, முதுகில் கதிர்கள் கூடுதலாக இருந்தால் சிப்செலூரஸ் அல்லது கெய்லோபோகன். ஹார்னெல் நம் மீனைச் சிப்செலூரஸில்தான் வைத்தார். பிற்காலத்தில் அது ஹிருண்டிக்திஸுக்கு மாற்றப்பட்டது. விரித்த சிறகை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு பேரினங்களும் ஒன்றாகவே தெரியும்.

இன்னொரு மறுப்பு இன்னும் கடுமையானது. மிதக்கும் பொருளின் கீழே எத்தனையோ மீன்கள் நிழலுக்கு ஒதுங்குகின்றன. மீனவர் கண்டது அதைத்தான், முட்டையைப் பற்றிய அறிவெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது என்பார்கள். நிழல்தான் காரணமென்றால் வெறும் மரக்கட்டையே போதுமே! இழை சுற்றிக்கொள்ள நிறைய காம்பும் இலையும் உள்ள கட்டுகளையே அவர்கள் தேர்ந்தார்கள். ஆண்டு முழுதும் அல்லாமல், மே முதல் ஜூலை வரை, மீன் சினையோடு வரும் மாதங்களில் மட்டுமே அதற்குப் போனார்கள். உலகின் மறுகோடியில் பார்படோஸ் மீனவர்கள் கரும்புத் தோகையைக் கட்டி மிதக்கவிட்டு ஹிருண்டிக்திஸ் அஃபினிஸைப் பிடிக்கிறார்கள். இந்தோனேசியாவின் மக்காசர் நீரிணையில் ஓலை வைத்த கூடைப் பொறிகளில் கோலாவின் முட்டையையே அறுவடை செய்கிறார்கள். வெகுதூரம் விலகிய மூன்று கரைகளும் ஒரே உத்திக்கு வந்து சேர்ந்தது மீனின் முட்டையைக் கவனித்ததால்தான். இந்த அறிவைக் கட்டுரையில் பதிந்தது ஹார்னெல். கண்டறிந்தவர்கள் கோலா மரம் ஓட்டியவர்கள்.

பார்படோஸ் கோலாவின் காதுக்கற்களில் நாள்தோறும் படியும் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அதன் ஆயுள் ஓராண்டுக்குச் சற்றே மேல் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட மீனுக்கு இந்தப் பருவத்து முட்டைதான் அடுத்த பருவத்து மீன். எனவே கரைக்கு வரும் கோலாவின் எடையை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. எந்தப் பேரினம், சினை எந்த நிலையில், முட்டை ஒட்டிய தழைக் கட்டு கடலிலேயே விடப்பட்டதா, கரைக்கு இழுத்துவரப்பட்டதா என்பதையும் இறங்குதளத்துப் பதிவேடுகளில் எழுத வேண்டும்.