அம்மையும் அம்மனும்

(இராஜபாளையம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். பிள்ளை வளர்ப்பைப் பற்றி என் அனுபவத்திற்கு எட்டியதைச் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் சிறுவனாயிருந்தபோது, மூன்று வயதான என் தங்கைக்கு மணல்வாரி கண்டது. "ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபிப்பாள்" என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறிற்று. தங்கை போய்விட்டாள். பெற்றோருக்கு அன்பில்லையா? அன்பு நிறைய இருந்தது. அறிவை உபயோகிக்கத்தான் பயம்!

அம்மை அம்மன் செயலென்றால் ஒன்று கேட்கிறேன். பெரியம்மை 1975-ல் இந்தியாவை விட்டு ஒழிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். அதனால் கோவில் குறைந்ததா? கூழ் ஊற்றுவது நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. அம்மை மாத்திரம் ஏன் நின்றது? வீடு வீடாய்த் தேடி அம்மை குத்தியதால் நின்றது.

மணல்வாரியும் காற்றில் பரவும் கிருமியால் வருவதேயாகும். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் ஒன்று என 2 ஊசி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். அப்படியிருந்தும் 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இந்த ஊசி போட வந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் படித்த பெற்றோரே பலர் மறுத்தார்கள். அன்று வேப்பிலை, இன்று செல்போன், மடமை ஒன்றுதான்.

ஆண்பிள்ளைகளே! இது பெண்டுகள் வேலையென்று திண்ணையில் உட்காராதீர்கள். மில்லுக்கு ஒருநாள் லீவு போட்டு, நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். காய்ச்சலும் தடிப்பும் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வேப்பிலை வேண்டுமானால் வாசலில் இருக்கட்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்!