பழைய ஆலையைப் பழுது பார்க்குமுன்



பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பதென்றால் முதல் வேலை வெள்ளையடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளை பூசினால் விரிசல்தான் மறையும்.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1797-ல் முடிந்த ஆளிநார் நூற்பாலை ஒன்று இருக்கிறது. மர உத்திரம் போட்ட ஆலைகள் தீப்பிடித்து முதலாளிகளுக்கு நஷ்டம் வந்தபடியால், சார்லஸ் பேஜ் என்பவர் தூண், உத்திரம் யாவையும் வார்ப்பிரும்பிலேயே வைத்தார். இரும்புச் சட்டத்தில் நின்ற கட்டிடங்களில் உலகத்திலேயே இதுதான் முதலாவது. 1897 முதல் 1987 வரை அது பார்லியை முளைகட்டும் களமாயிருந்தது. அதற்காக ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். பழுது பார்த்து 2022-ல் ஜனங்களுக்குத் திறந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில், எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தச் சுவர் எப்போது அடைபட்டது என்று அளந்து, படமெடுத்து, எழுதிவைக்காமல் கடப்பாரையைத் தொடக்கூடாது.

அந்தக் கணக்கில் இரும்பு மட்டும் இருந்தால் போதுமா? ஏழு வயதில் அங்கே வேலைக்குப் போன ஜோனதன் டவுன் என்பவர் 1832-ல் பார்லிமெண்டுக் கமிட்டி முன் சாட்சி சொன்னார்: தூங்கி விழும் பையனைக் காலைப் பிடித்துத் தூக்கி, மூலையிலிருந்த இரும்புத் தொட்டித் தண்ணீரில் முக்கி, மறுபடியும் வேலைக்கு விரட்டுவார்களாம். தூணுக்கு நம்பர் போடுகிறவர்கள் அந்த மூலை எது என்றும் தேடவேண்டாமா? பிள்ளைகளை அடைத்துவைத்த விடுதியும் அதே வளைவுக்குள் இன்னும் நிற்கிறது.