திடலும் கடையும்
(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 பள்ளிவாசலைப் பற்றியும் மதரசாவைப் பற்றியும் கல்வி நிதியைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது விளையாட்டுத் திடல். பொன்விழாவில் பேச இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பின்வரிசைப் பிள்ளைகள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலக்கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், இவற்றோடு ஒரு திடல். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதனால் தோட்டத்தில் எல்லாருக்கும் மாலை நேரம் ஒன்றாகவே வந்தது. இதை நாம் மறந்துவிடுகிறோம். திடல் மட்டும் இருந்தால் போதாது, ஊருக்குப் பொதுவான ஒரு நேரமும் வேண்டும். அப்போது இரண்டும் இருந்தன. பையன்கள் பந்து உதைப்பார்கள், பெண்கள் ஓரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். திரை கட்டிப் படம் காட்டியதும் அங்கேதான், கல்யாணப் பந்தல் போட்டதும் அங்கேதான்.

நம்மவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. தோட்டத்து மளிகைக் கடை பெரும்பாலும் நம் ஆட்களிடம் இருந்தது. ரொட்டி பாய் மோட்டார் சைக்கிளில் வருகிற நேரமே திடலில் கூட்டம் சேருகிற நேரம்தான். வியாபாரம் தெரிந்தவர் அல்லவா!

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. துரைமார்களுக்குக் கிளப் தனி, கிராணிமார்களுக்குத் தனி. தொழிலாளிக்குக் கிடைத்த திடல் கம்பெனியின் நிலம். அது உரிமையாகக் கிடைத்ததில்லை. தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் சமூக வசதிகளையும் முதலாளியின் கடமைகளில் சேர்த்தது. ஆனால் தோட்டமே விற்கப்படும்போது திடலும் நிலத்தோடு போய்விடுகிறது. ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமான் ஆனது. லயத்தில் இருந்தவர்கள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் மாடி வீடுகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்தார்கள். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டபின் எத்தனையோ வீடுகளில் ஷிப்ட் வேலை வந்தது. அத்தா வேலை முடிந்து வரும்போது மகன் வேலைக்குப் புறப்படுகிறான். பொதுவான மாலையும் போயிற்று.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது எது தெரியுமா? நம் கடைகள்தான். மாமாக் கடை, நாசி கண்டார் கடை. இரவெல்லாம் விளக்கு, பெரிய திரையில் பந்தாட்டம், ஒரு தே தாரேக் வாங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் உட்காரலாம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருகிற இடம் இந்த நாட்டில் அது. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். நானும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடையில் உட்காரக் காசு வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை அங்கே ஓட முடியாது. நம் வீட்டு உம்மாமார்கள் எத்தனை பேர் அங்கே மாலையில் போய் உட்காருகிறார்கள்? பந்தாட்டத்தைப் பார்க்கலாம், ஆட முடியாது. போதாக்குறைக்குக் கையில் ரொட்டி சானாய் வேறு.

சிரிக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. பாதிப் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. நான்கில் ஒருவருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. நீரிழிவு அதிகமாகக் காணப்படுவது இந்திய வம்சாவளியினரிடம். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பதற்கு இடம்?

கெடாவில் இடம் இல்லாமல் இல்லை. ஜெராய் மலை இருக்கிறது, மலையடிவார அருவிகள் இருக்கின்றன, ஜித்ராவில் டாருல் அமான் ஏரி இருக்கிறது, அலோர் ஸ்டாரில் பெரிய அரங்கம் இருக்கிறது. 2006இல் சுக்மா போட்டிகளையே இந்த மாநிலம் நடத்தியது. ஆனால் முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு அரங்கம் எதற்கு? வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய, விளக்கு எரிகிற, கழிப்பறை திறந்திருக்கிற சின்னத் திடல்தான் அவருக்கு வேண்டும்.

வீடமைப்பு நிலத்தில் 10 விழுக்காடு திறந்தவெளி விடவேண்டும் என்பது நம் நாட்டுத் திட்டமிடல் வழிகாட்டி. விட்ட இடம் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலம் என்று அரசிதழில் வெளியிடலாம். அப்படி வெளியிட்டதை நீக்கவேண்டுமானால் 64ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பும் விசாரணையும் வேண்டும். அங்கே போய் நாம் ஆட்சேபம் சொல்லலாம். அரசிதழில் ஏறாத திடலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் தாமான் திடல் ஏறியிருக்கிறதா என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். இளைஞர் பிரிவு இந்த ஒரு வேலையைச் செய்தாலே போதும்.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்காடினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். பலர் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்து நீண்ட வீடுகளில் இருந்தவர்கள் பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள். நிரந்தர வீட்டுக்காக 1980களிலிருந்து காத்திருந்தவர்கள். அவர்களுக்கான வீடும் அதே திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருந்தது. தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இது எப்படி வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏழைக்கு வீடா, ஊருக்குத் திடலா என்று இரண்டையும் மோதவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லயத்துக்காரனுக்கும் இரண்டும் வேண்டும்.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்தைக் கட்ட நம் பெரியவர்கள் வெள்ளிதோறும் உண்டியல் ஏந்தினார்கள். இன்று கல்யாணம், கந்தூரி, ஆண்டுக் கூட்டம் போக மற்ற நாள்களில் பூட்டித்தான் கிடக்கிறது. வெளியே பூப்பந்துத் தளத்துக்கு மணிக் கணக்கில் காசு கொடுக்கிறார்கள் நம் பிள்ளைகள். தரையில் கோடு போட்டு ஒரு வலை கட்ட எவ்வளவு ஆகிவிடும்? வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்றே ஒதுக்குங்கள். காலையில் பெரியவர்கள் நடக்கட்டும். பக்கத்துத் தாமான் பிள்ளைகளுக்கும், எந்த வீட்டுப் பிள்ளையானாலும், கதவு திறந்திருக்கட்டும். தோட்டத்துத் திடலில் நம்மை யாரும் பெயர் கேட்டு உள்ளே விடவில்லை.

மின்கட்டணம் யார் கட்டுவது, சாவி யாரிடம் இருப்பது என்று செயலாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். முதல் ஆறு மாத மின்கட்டணத்துக்கு நான்கு கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாவியைப் பற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம், பிரியாணி ஆறுகிறது.