சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாமா?



ஒரு பெரிய நகரத்தைத் தாண்டிப் போகவேண்டும். ஊருக்குள் புகுந்து போவதா, சுற்றுச்சாலையில் போவதா? வரைபடத்தில் ஊர்வழிதான் கிட்டம். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் வண்டி நேரத்தையும் தின்னும், பெட்ரோலையும் தின்னும். அது கக்கும் புகையை அந்தத் தெருவாசிகள் சுவாசிக்க வேண்டும்.

லண்டனைச் சுற்றி எம்25 என்ற விரைவுச்சாலை இருக்கிறது. 1986 அக்டோபரில் முழுமை பெற்றது. நீளம் சுமார் 188 கிலோமீட்டர். வெளியூர் லாரிகள் நகரத்துக்குள் நுழையாமலே கடந்துபோக வழி பிறந்தது. ஆனால் சீக்கிரமே அங்கும் நெரிசல். தொலைதூர வண்டிகளோடு, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அன்றாட வேலைக்கு அந்தச் சாலையையே பிடித்ததுதான் காரணம். ஹீத்ரோ விமான நிலையத்தருகே 12 தடங்கள் வரை அகலப்படுத்தியும் நெரிசல் தீரவில்லை. சாலை அகலமாக ஆக, வண்டிகளும் பெருகின.

லண்டன் நகர மையத்தின் நெரிசலைக் குறைக்க வேறு வழி கண்டார்கள். 2003 பிப்ரவரியில், வேலைநாட்களில் உள்ளே வரும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். அந்த வருவாய் பஸ் வசதிகளைப் பெருக்கப் பயன்பட்டது. உள்ளே வரும் கார்கள் குறைந்தன.

ஆகவே, ஊரைக் கடந்து போகிறவர்கள் தூரம் கூடினாலும் சுற்றுச்சாலையில் போவோம். ஊருக்குள் வேலை இருப்பவர்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ போவோம். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் நகரம் மூச்சு விடும்.