ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பேரகராதியும்

   

மக்களைக் கல்லூரியிற் சேர்க்கும் பருவம் வந்தவுடன் தரவரிசைப் பட்டியலை நோக்காத பெற்றோர் இன்று அரியர். மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றது. ஒரு பல்கலைக்கழகத்தார் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பனவும் அதன் அளவுகோல்களுள் அடங்கும். தனியொரு ஆய்வாளரை அளக்கவும் ஒரு கோல் உண்டு. 2005இல் ஹிர்ஷ் என்னும் கலிபோர்னிய இயற்பியலறிஞர் வகுத்த அந்த எண்ணை 'எச் குறியீடு' என்பர். இவ்வளவைகள் பயனற்றவை என்று தள்ளிவிடல் இயலாது. ஆயினும் இவற்றின் கைக்கு அகப்படாத ஆய்வும் உண்டு. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியே போதும்.

1857இல் தோன்றியது சென்னைப் பல்கலைக்கழகம். பேரகராதிப் பணி தொடங்கிய ஆண்டு 1913. அதற்கு முன்னர் 1862இல் வின்சுலோ வெளியிட்ட தமிழ் – ஆங்கில அகராதியே பெரிதென மதிக்கப்பட்டு வந்தது. அதனை விரிவாக்கிப் புதியதொன்று படைக்க வேண்டும் என்பது நோக்கம். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த முதியவரான சாந்தலர் பாதிரியார் பதிப்பாசிரியராக அமர்த்தப்பெற்றார். தமிழ்ப் புலவர்களின் தலைவராக மு. இராகவையங்கார் பணியாற்றினார். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று மதிப்பிட்ட வேலை, நிறைவெய்தியபோது நான்கு லட்சத்தையும் கடந்திருந்தது.

அச்சேறிய முதற்பகுதி வெளிவந்தது 1924இல். பணி தொடங்கிப் பதினோராண்டுகள் கழிந்த பின்னர்! அப்பதினோராண்டுகளுக்கும் இன்றைய முறையில் ஆண்டறிக்கை எழுதியிருப்பின் 'வெளியீடு: இல்லை' என்றே பதினொரு முறை எழுத நேர்ந்திருக்கும். அந்தச் சுழியங்களைப் பொறுத்துக்கொண்ட ஆட்சிக்குழுவும், செலவு பெருகப் பெருக முணுமுணுத்தேனும் பணம் வழங்கியோரும் இல்லையேல் அகராதியும் இல்லை.

1926இல் பதிப்பாசிரியப் பொறுப்பு வையாபுரிப் பிள்ளையவர்களிடம் வந்தது. அவர் வழக்கறிஞர் தொழில் செய்துகொண்டிருந்தவர். பத்தாண்டு உழைப்பில், 1936இல், ஆறு தொகுதிகளையும் முடித்தார். அதற்குப் பின்னரே பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் தலைமையை ஏற்றார்.

அகராதி செய்த ஆய்வு யாது என்று வினவலாம். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பள்ளி' என்றால் இன்று பிள்ளைகள் படிக்கும் இடம் மட்டுமே நினைவுக்கு வரும். பேரகராதியோ இடம், சிற்றூர், துயிலுமிடம், கல்விக்கூடம், முனிவர் உறைவிடம், சைன பௌத்தக் கோயில் எனப் பல பொருள்களை வரிசைப்படுத்துகின்றது. பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தந்து, கிடைத்த விடத்தெல்லாம் அப்பொருளில் அச்சொல் ஆளப்பட்ட நூலிடத்தையும் காட்டுகின்றது. மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளில் இனச்சொல் உண்டாயின் அதையும் குறிக்கின்றது. நாஞ்சில்நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, இன்ன ஊர்ப்பக்கத்து வழக்கு என்ற குறிப்புகளும் ஆங்காங்கே உண்டு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு இவ்வாறு செய்திருக்கின்றனர், கணிப்பொறி இல்லாக் காலத்தில்.

இவ்வவையோர் தனியே எண்ணத் தக்கது அம்மேற்கோள்களின் வரிசை. நிகண்டுகளின் வழியே பழஞ்சொற்கள் திரட்டப்பட்டபோது மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் பயன்பட்டது. 'சூடா.' என்னும் சுருக்கக் குறி அகராதியெங்கும் காணக் கிடைக்கும். 'நன்.' என்பது பவணந்தி முனிவரின் நன்னூல். 'சீவக.' என்பது திருத்தக்கதேவரின் சிந்தாமணி. 'மேருமந்.' என்றொரு குறியும் உண்டு. அது திருப்பருத்திக்குன்றத்து வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணம். தமிழ்ச் சமணர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் ஓதப்பட்ட ஒரு நூல், அறியாத நாட்டவர்க்கும் சொற்பொருட் சான்றாக நிற்பது இவ்வகராதியாலேயே. அந்நூலின் பெயரையே கேள்வியுறாத ஒருவர், அதில் வந்த சொல்லாட்சியை நம்பிப் பொருள் கொள்கின்றார். பனையோலையில் கிடந்த ஏட்டுக்கு இதனினும் பெரிய பேறு வேறு உண்டோ!

இனி, கடல் கடந்த செல்வாக்கு. ஆக்சுபோர்டில் பர்ரோவும் கலிபோர்னியாவில் எமனோவும் இணைந்து, திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961இல் வெளியிட்டனர். 1984இல் அதன் திருந்திய பதிப்பு வந்தது. அதில் தமிழ்ச் சொற்களுக்கு முதன்மை ஊற்றாக அமைந்தது சென்னைப் பேரகராதியே. சிகாகோ பல்கலைக்கழகமும் செருமனியின் கொலோன் பல்கலைக்கழகமும் அதனை மின்வடிவாக்கிக் கணிப்பொறியில் தேடத் தந்துள்ளன. தமிழை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுத இவ்வகராதி கையாண்ட முறையை இன்றும் உலகெங்கும் தமிழாய்வாளர் பின்பற்றுகின்றனர். ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் ஆங்கில எழுத்தின் அடியில் இடும் சிறு கோடு அம்முறையது. அக்கோட்டை இடும் ஒவ்வொருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தை மேற்கோள் காட்டுவதில்லை. அகராதியில் சொல்லைப் பார்த்துத் தெளிந்தவருள் மிகப் பலரும் அடிக்குறிப்பில் அதைச் சொல்வதில்லை. ஆகவே மேற்கோள் எண்ணிக்கையில் இச்செல்வாக்கு முழுமையாகப் பதிவாவதே இல்லை. கிணற்று நீரைப் பருகுவோர் கிணறு வெட்டியவன் பெயரைக் கேட்பதில்லையன்றோ?

குறையே இல்லாத நூல் என்பதும் பொருந்தாது. தூய தமிழ்ச் சொற்கள் பல விடுபட்டன, தமிழ்ச் சொற்கள் சிலவற்றுக்கு வடமொழி மூலம் காட்டப்பட்டது என்று மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார். அச்சாடலிற் சினம் மிகுதி. ஆயினும் எழுப்பிய வினாக்களுள் பல நியாயமானவை. அவர் வாளா இருந்துவிடவில்லை. 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகி, மாற்று நூல் காண முனைந்தார். மறுத்துரைப்போரையும் ஆயுட்காலப் பணிக்குத் தூண்டியதும் ஓர் ஆய்வின் செல்வாக்கே ஆகும். பாராட்டுரைகளைத் தொகுப்போர் இதனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. அன்றாட வழக்குத் தமிழுக்கும் அப்பேரகராதி போதவில்லை. அவ்விடத்தை 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நிரப்பிற்று. அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிறந்த நூல்.

இன்று ஓர் இளம் ஆசிரியர் 'பத்தாண்டுகள் சொற்களைத் திரட்டப் போகின்றேன், இடையில் கட்டுரை ஏதும் வாராது' என்று கூறிப் பதவி உயர்வு கேட்டால் என்ன விடை கிடைக்கும்? தரவரிசைக்கு எண்ணப்படும் கட்டுரைகள் பெரிதும் பன்னாட்டுத் தரவுத்தளங்களிலிருந்து பெறப்படுவன. தமிழில் எழுதப்படும் ஆய்வு நூல் அவற்றில் இடம்பெறுதல் அரிது. எனவே அவரும் அகராதியை விடுத்துக் கட்டுரை எழுதப் போய்விடுவார். அதில் அவரைப் பழிக்க இடமில்லை. கோலைப் பார்த்தே துணியை வெட்டுவர்.

1936இல் ஆறாம் தொகுதி முடிந்தவுடன் அகராதிக் குழுவினர் ஓய்ந்துவிடவில்லை. விடுபட்டவை எவை என்று தம் நூலையே மீண்டும் சோதிக்கத் தொடங்கினர். மூன்றாண்டுகள் கழித்து, 1939இல், அனுபந்தத் தொகுதி நிறைவெய்தியது. அதில் உள்ள சொற்கள் 13,357.