சண்டை எங்கே ஆரம்பிக்கிறது?

(தோட்ட வாசிகசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால், "பிழை யார் பக்கம்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டு வந்தேன். சில வருஷத்துக்கு முன் ஒரு தங்கச்சி கன்னம் வீங்கி என்னிடம் வந்தார். நான் புருஷனையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டேன். "விறகு எடுக்கப் போய் விழுந்திட்டேன் சேர்" என்றார். "அனுசரிச்சுப் போங்கம்மா" என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே போய்ப் பார்த்தேன். "நீங்க புத்தி சொன்னீங்க சேர், என்னைக் கேக்கல" என்றார். அடித்தவர் பக்கத்தில் இருக்கும்போது அடி வாங்கியவர் எப்படி வாய் திறப்பார்? அன்று பிழை விட்டது நான்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்கிறேன். பிழையைக் கேட்பதில்லை, அவர்களுடைய ஒரு நாளைக் கேட்கிறேன். முதலில் எழும்புவது யார்? தண்ணி எடுப்பது யார்? பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விடுவது யார்? சம்பளம் யார் கையில் இருக்கிறது? கடைக்கடன் எவ்வளவு, அடகில் என்ன இருக்கிறது? தவறணைக்கு எவ்வளவு போகிறது? ராத்திரி அந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள்?

இதைக் கேட்டால் விஷயம் தானாக வெளியே வரும். 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தால், இரண்டு பேர் மனசுவிட்டுப் பேச இடம் ஏது? 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. ஆனால் அடுப்படி வேலை இன்னும் சமமாகவில்லை. மலையால் வந்த பெண்ணுக்கு அங்கே இன்னொரு பெரட்டு காத்திருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை. கடைசியில் உப்புக் குறைந்தது என்று சண்டை வருகிறது. சண்டை உப்பிலே இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனஸ்தாபம் வேறு, அடி வேறு. கடனும் குடியும் இடநெருக்கடியும் சண்டைக்குக் காரணமாகலாம், அடிப்பதற்கு நியாயமாகாது. அடிதடி உள்ள வீட்டில் "அனுசரிச்சுப் போ" என்று நான் இப்போது சொல்வதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிசாரும் கேட்கலாம். ஆலோசனைக்கு 1938, அவசரத்துக்கு 119.

தகப்பன்மாரே, தம்பிமாரே, நாளைக்கு வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணி எடுத்து வையுங்கள். உங்கள் மரியாதை அதனால் குறையாது.

பக்கத்துக் காம்பராக்காரர்களே, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் டீவியைக் கூட்டி வைக்காதீர்கள். நாலு பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள். இந்த முறை நான் கேட்கிறேன்.