கொல்லையில் விளைவது குழந்தைக்கே முதலில்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அண்மையில் நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டின் கொல்லையில் முருங்கை தழைத்திருந்தது. கூடையில் நான்கு முட்டைகள் இருந்தன. நாற்றும் கோழிக்குஞ்சும் வழங்கியவர்கள் என்ற முறையில் உளம் மகிழ்ந்தோம். திண்ணையில் பத்து மாதக் குழந்தைக்குப் பாட்டியார் சோறூட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் சோறும் ரசத் தெளிவுமே இருந்தன. வினவியபோது, "முட்டை சந்தைக்குப் போகுதுங்க, கீரை பிள்ளைக்குச் செரிக்காதுங்களே" என்றார்.

அவர்மீது குறையில்லை. வழங்கிய நாற்றுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிய நாங்கள், குழந்தையின் கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை. குறை எங்களுடையதே.

இது புதிய பாடமன்று. 1960-களில் யுனிசெப் முதலிய உலக நிறுவனங்களின் துணையோடு, காய்கறித் தோட்டமும் கோழிவளர்ப்பும் நம் நாட்டுக் கிராமங்களில் பரப்பப்பட்டன. விளைவிப்பது ஒன்று, விளைந்ததைச் சிறு குழந்தை உண்பது வேறொன்று என்பதை அன்றே கண்டோம்.

1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் நம் நாட்டில் தொடங்கின. 1982-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்குச் சோறிட்டது. அதற்கும் இளைய குழந்தைக்கு அங்கன்வாடியின் சத்துமாவு துணைசெய்யும்; எனினும் அதன் அன்றாட உணவு வீட்டு அடுப்பில்தான் உருவாகிறது. உடலும் அறிவும் விரைந்து வளரும் பருவமும் அதுவே.

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். பின்னர் இரண்டு வயதுவரை தாய்ப்பாலோடு பிற உணவும் வேண்டும். குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி வலுவைத் தராது. ஆகவே கெட்டியாகக் குழைத்த சோற்றில் பருப்பையும், நன்கு வேகவைத்து மசித்த முருங்கைக்கீரையையும் சேர்த்து, ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு ஊட்டுங்கள். கீரையிலுள்ள கண்ணுக்கு நலந்தரும் சத்து, எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலில் நன்கு ஏறும். முதலில் சிறிதளவு கொடுத்துப் பழக்கினால் கீரை செரிக்கும். நன்கு வேகவைத்த முட்டையும், வறுத்து நுண்ணிதாய்ப் பொடித்த நம் மண்ணின் நிலக்கடலையும், முளைகட்டிய கேழ்வரகு மாவும் ஏற்றவை. ஒன்பது மாதத்துக்குப் பின் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டும்.

மழையையும் கண்மாயையும் நம்பிய மாவட்டத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கே என்பீர்கள். அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலம்பிய நீரும் போதும். ஒரு முருங்கைப் போத்து, ஒரு பப்பாளி, கூரைமேல் ஏற ஒரு பூசணிக்கொடி, ஒரு பாத்தி தண்டுக்கீரை. ஆடு மேயாதிருக்க முள்வேலி. நிலமற்றோர் வாசற்படியருகே பழைய சட்டியில் கீரை விதைக்கலாம்.

முட்டையை விற்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. உப்புக்கும் புளிக்கும் காசு வேண்டும். நான்கில் மூன்றை விற்று, ஒன்றைக் குழந்தைக்கு வையுங்கள். தாய் கூலிக்குச் சென்றால், ஊட்டும் பாட்டியாருக்கும் இதனைச் சொல்லுங்கள். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பாருங்கள். நம் முயற்சியின் பலனை அந்தத் தராசு கூறும்.

இனி உங்கள் ஊருக்கு வரும்போது கொல்லையை மட்டும் பாரோம், கிண்ணத்தையும் பார்ப்போம்.